கோடு போட்ட பாட்டில்

என் தம்பி கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவன். அவன் காரில் இரண்டு பிரேக் உண்டு. ஒன்று கற்றுக்கொள்பவரின் காலடியில், இன்னொன்று அவன் காலடியில். வருடக்கணக்காக அந்த இரண்டாவது பிரேக்கின் மேல் காலை வைத்துக்கொண்டே உட்கார்ந்து அதுவே அவன் குணமாகிவிட்டது. வீட்டில் சோபாவில் சாய்ந்திருக்கும்போது நான் மாடிப்படியில் கொஞ்சம் வேகமாக இறங்கினால்கூட அவன் கால் தரையை அழுத்தும். என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

அப்படிப்பட்டவன் கையில் என் தண்ணீர் மாட்டிக்கொண்டது.

தினமும் காலையில் சமையலறை மேசையில் எனக்காக ஒரு பாட்டில் நிற்கும். பழைய ஜூஸ் பாட்டில்தான். அதன் வயிற்றுக்குக் குறுக்கே சிவப்பு மார்க்கரால் ஒரு கோடு. கோடு வரைக்கும் தண்ணீர். ஒரு நாள் முழுக்க எனக்கு அவ்வளவுதான். டீ, மாத்திரை விழுங்குகிற மடக்கு எல்லாம் அதற்குள் அடக்கம். கோட்டைப் போட்டவன் தம்பி. நானும் முணுமுணுக்காமல் ஒப்புக்கொண்டேன். என்னைத் தெரிந்தவர்கள் இதை நம்ப மாட்டார்கள். யார் சொல்லியும் எதையும் கேட்கிற ரகம் இல்லை நான். கல்யாணமே வேண்டாமென்று இருந்துவிட்டேன். ஏன் என்று கேட்பவர்களிடம், வந்தவன் ஒருத்தனையும் பிடிக்கவில்லை என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுவேன்.

ஆனால் கிட்னி விஷயத்தில் எங்கள் வீட்டில் எல்லோருமே பழம் தின்று கொட்டை போட்டவர்கள். பிரச்சினையே அங்கேதான் இருந்தது.

தம்பிக்குச் சின்ன வயதிலேயே இரண்டு சிறுநீரகங்களும் போய்விட்டன. வாரத்தில் பாதி நாள் டயாலிசிஸ் மெஷினோடு கிடந்தான். சிறுநீர் சுத்தமாக நின்றுபோயிருந்தது. குடிக்கிற தண்ணீருக்கு வெளியே போக வழி கிடையாது. காலில் தங்கும், முகத்தில் தங்கும், கடைசியில் நெஞ்சில் போய்த் தேங்கி மூச்சை அடைக்கும். அதனால் தண்ணீரை அளந்து கொடுக்கிற வேலையை நான் எடுத்துக்கொண்டேன். அந்த வேலைக்கு என்னைவிடப் பொருத்தமான ஆள் கிடையாது. கெஞ்சுவான், காலைப் பிடிப்பான், திட்டுவான். நான் மசியவே மாட்டேன். ஒரு ஐஸ் கட்டியை எடுத்து வாயில் போட்டு, "மெல்லாத, ஊற வை" என்பேன். ஃபிரிட்ஜைப் பூட்டி சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டு திரிந்தவள் நான்.

அப்புறம் ஒரு நாள் கண்டுபிடித்தேன், ஐயா குளிக்கப் போகிற சாக்கில் ஷவருக்கு அடியில் வாயைத் திறந்துகொண்டு நிற்கிறார் என்று. கதவுக்கு வெளியே நின்று காதைக் கொடுத்தால் மடக் மடக் என்று விழுங்குகிற சத்தம் கேட்டது. அன்றிலிருந்து அவன் குளிக்கும்போதெல்லாம் நான் கதவுக்கு வெளியே காவல். "பாடுடா" என்பேன். பாடுகிற வாயால் குடிக்க முடியாது அல்லவா? பாட்டு நின்றால் கதவைத் தட்டுவேன். அவன் உள்ளே கத்திக் கத்திப் பாடுவான், பாட்டுக்கு நடுவில் அழுவான், அழுதுகொண்டே பாடுவான். நான் வெளியே சுவரில் தலையைச் சாய்த்துக்கொண்டு நின்று நானும் அழுவேன். ஆனால் காவலை விட்டதில்லை.

பிறகு என்னுடையதில் ஒன்றை எடுத்து அவனுக்கு வைத்தார்கள். அப்போது எனக்குச் சர்க்கரையும் இல்லை, ஒன்றும் இல்லை, குதிரை மாதிரி இருந்தேன். கொடுத்ததைப் பற்றி எங்கள் வீட்டில் பெரிய வார்த்தைகளில் யாரும் பேசுவதில்லை. பெண்ணைக் கட்டிக்கொடுத்த மாதிரி பேசிக்கொள்வோம். "என் பொண்ணு புகுந்த வீட்ல எப்படி இருக்கா?" என்று நான் கேட்பேன். "ஒரு குறையும் இல்ல, நல்லா வேலை செய்றா. உன் வீட்டோட இருக்கிறவ எப்படி?" என்று அவன் கேட்பான். அவன் மனைவி கல்யாணமாகி வந்த புதிதில் இதைக் கேட்டு மிரண்டுபோனாள், தன் புருஷனுக்கு இன்னொரு குடும்பம் இருக்கிறதோ என்று. விஷயம் தெரிந்த பிறகு அவளே முந்திக்கொண்டு, "அப்போ அந்தப் பொண்ணுக்கு நான்தான் மாமியார்" என்றுவிட்டாள். கெட்டிக்காரி. எனக்கு அவளை அன்றைக்கே பிடித்துப்போயிற்று.

வீட்டோடு இருந்தவளும் வருடங்களாகத் தனியாளாக இரண்டு பேர் வேலையைப் பார்த்துக்கொண்டு சமர்த்தாகத்தான் இருந்தாள். ஐம்பதைத் தொடும் சமயத்தில் எனக்குச் சர்க்கரை வந்தது. எங்கள் அம்மாவுக்கு இருந்தது, எனக்கும் வந்தது. அதில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை. ஆனால் ஒரே ஒரு கிட்னி வைத்திருப்பவளுக்குச் சர்க்கரை வந்தால் அது வேறு கணக்கு. மற்றவர்களுக்கு ஒன்று களைத்தால் இன்னொன்று தாங்கும். எனக்கு மாற்றாள் இல்லை. இனிப்பை விட்டேன், நடந்தேன், மாத்திரையைத் தவறாமல் போட்டேன்.

ஆபரேஷனிலிருந்து எங்களைப் பார்த்துவந்த டாக்டர் ஓய்வு பெற்றுப் போய்விட்டார். அவர் இடத்துக்கு ஒரு சின்ன வயது டாக்டரம்மா வந்தாள். முதல் சோதனையிலேயே ரத்தத்தில் கிரியேட்டினின் ஒன்று புள்ளி மூன்று என்று வந்தது. பக்கத்தில் தடித்த எழுத்தில் ஓர் அம்புக்குறி, மேலே பார்த்தபடி. அது கூடினால் கிட்னி சரியாக வடிகட்டவில்லை என்று அர்த்தம். எங்கள் வீட்டில் எல்லோருக்கும் அந்த எண்ணைப் படிக்கத் தெரியும். டாக்டரம்மா அலட்டிக்கொள்ளவில்லை.

"ஒரு கிட்னி இருக்கிறவங்களுக்கு இது பரவாயில்லைம்மா. பழைய ரிப்போர்ட்லயும் இப்படித்தான இருக்கு. சர்க்கரைக்கு ஒரு புது மாத்திரை தரேன். சர்க்கரைய யூரின் வழியா வெளிய தள்ளும், கிட்னிக்கும் நல்லது. தண்ணி மட்டும் நல்லா குடிங்க. மூணு மாசம் கழிச்சு பார்ப்போம்" என்றாள்.

வீட்டுக்கு வந்து தம்பியிடம் அப்படியே ஒப்பித்தேன். அவன் முகம் செத்துப்போயிற்று. எங்கள் வீட்டில் 'பரவாயில்லை' என்றால் பயம். அவனுக்கும் அந்தக் காலத்தில் ஒரு டாக்டர் ஒவ்வொரு தடவையும் 'பரவாயில்லை, பரவாயில்லை' என்று சொல்லித்தான் மெஷினில் கொண்டுபோய்ப் படுக்க வைத்தார்.

"தண்ணி நல்லா குடிக்கச் சொன்னாடா" என்றேன்.

"அது எல்லார்கிட்டயும் சொல்றதுதான்க்கா. கிட்னி கெட்டுப்போக ஆரம்பிச்சா தண்ணி ஆகாது. உனக்கே தெரியும். நீதான எனக்குச் சொல்லிக் குடுத்த?"

மறுநாள் காலையில் பாட்டில் வந்து நின்றது.

தம்பி மனைவி காய்களைப் பொடியாக நறுக்கி, வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டி, மறுபடி வேகவைத்துக் கொட்டினாள். டயாலிசிஸ் காலத்தில் அவனுக்கு நான் சமைத்த முறை அது. கல்யாணத்துக்குப் பிறகு அவளுக்குக் கதை கதையாகச் சொல்லியிருந்தேன். இப்போது அது என் தட்டுக்கே திரும்பி வந்தது. ருசி என்று கேட்டால் துணி ஊறவைத்த தண்ணீருக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

"எப்படி அண்ணி இருக்கு?" என்பாள்.

"வெந்திருக்கு" என்பேன். பொய் சொல்லாமல் அதற்கு மேல் பாராட்ட வழியில்லை.

நான் வேலை பார்ப்பது ஒரு ஹோட்டலின் சலவைக்கூடத்தில். ஹோட்டல் என்றால் நூற்றுக்கணக்கான அறைகள். அத்தனை அறைகளின் படுக்கை விரிப்புகளும் துண்டுகளும் கீழ்த்தளத்துக்கு வந்து எங்கள் தலையில்தான் விழும். வாஷிங் மெஷின்கள் ஒரு பக்கம், உலர்த்திகள் ஒரு பக்கம், நடுவில் ரோலர். ரோலர் என்பது ஆளுயர நீளத்துக்குச் சூடான உருளை. ஈர விரிப்பை ஒரு பக்கம் செலுத்தினால் மறுபக்கம் மொறுமொறுப்பாக வரும். அங்கே ஜன்னல் கிடையாது, வருடம் முழுக்க ஒரே பருவம்தான். சட்டை நனையாமல் யாரும் வெளியே வந்ததில்லை. கூடத்தின் மூலையில் ஒரு தண்ணீர் மெஷின் இருக்கிறது. எல்லோரும் போகிறபோது ஒரு கப், வருகிறபோது ஒரு கப் என்று குடிப்பார்கள். நான் அந்தப் பக்கம் தலையைத் திருப்பாமல் நடக்கப் பழகினேன். அது கொப்பளிக்கிற சத்தம் மட்டும் எங்கே நின்றாலும் என் காதில் விழுந்தது.

வாய் ஒட்டிக்கொண்டது. நாக்கு மரக்கட்டை. இரவில் கெண்டைக்கால் சுருட்டி இழுத்தது. சிறுநீர் கொஞ்சமாக, கரும்பழுப்பாகப் போயிற்று. அதைப் பார்த்ததும் எனக்கு என்ன தோன்றியிருக்க வேண்டும்? தண்ணீர் போதவில்லை என்றுதானே? எனக்குத் தோன்றியது வேறு. தம்பிக்கும் முதலில் இப்படித்தான் குறைந்தது, அப்புறம் நின்றது. ஆரம்பமாகிவிட்டது என்று நினைத்தேன். அதனால் கோட்டை இன்னும் ஒழுங்காகக் கடைப்பிடித்தேன்.

அவன் பாடு அதைவிட மோசம். கிட்னி மாற்றி வைத்தவர்கள் தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும். அவன் பெரிய பாட்டிலோடு திரிவான். ஆனால் எனக்குக் கோடு போட்ட நாளிலிருந்து வீட்டில் அவன் தண்ணீர் குடித்து நான் பார்க்கவில்லை. ஒரு சாயங்காலம் குப்பை போடப் போனபோது பார்த்தேன்: நிறுத்தியிருந்த காருக்குள் உட்கார்ந்து, குனிந்து, திருடன் மாதிரி பாட்டிலைக் கவிழ்த்துக் குடித்துக்கொண்டிருந்தான். என் கண்ணில் படக்கூடாது என்று. நான் பார்க்காத மாதிரி திரும்பி வந்துவிட்டேன். அன்றைக்கு அவன் மேல் எனக்கு வந்த பாசத்தில் தாகமே மறந்துபோயிற்று, கொஞ்ச நேரத்துக்கு.

வேலை முடிந்து வந்து நான் குளிக்கப் போவேன். கதவு தட்டப்படும்.

"பாடுக்கா."

"டேய், பழிவாங்குறியா?"

"பாடு."

என் குரலைப் பற்றி நான் சொல்லக்கூடாது, அக்கம்பக்கத்தைக் கேட்க வேண்டும். நானும் பாடினேன். அவன் அந்தக் காலத்தில் பாடிய அதே பாட்டுகளை, அதே தப்பு ராகத்தில். உள்ளே பாடிக்கொண்டே சிரிப்பேன். வெளியே அவனும் சிரிப்பான். தண்ணீர் முகத்தில் வழிந்து உதட்டோரம் வரும். நாக்கை நீட்டினால் போதும். நீட்ட மாட்டேன். அவன் அவ்வளவு வருடம் எனக்குக் கட்டுப்பட்டிருந்தானே, இப்போது என் முறை என்று ஒரு வைராக்கியம்.

சலவைக்கூடத்தில் எனக்கு ஜோடி, நாங்கள் மடிப்புக்காரி என்று கூப்பிடுகிற ஒருத்தி. பெரிய விரிப்புகளை இரண்டு பேர் எதிரெதிரே நின்றுதான் மடிக்க வேண்டும். மூலைகளைப் பிடித்து, உடம்பைப் பின்னால் சாய்த்து, சுருக்கம் போக இழுத்து, பிறகு முன்னால் நடந்து வந்து கையில் கொடுக்க வேண்டும். இழுக்கும்போது ஒருத்தியின் பாரம் இன்னொருத்தி கையில் இருக்கும். பேச்சு ஓடிக்கொண்டே இருக்கும், கை தானாகச் செய்யும். மடிப்புக்காரி கொஞ்ச நாளாகவே என்னை ஒரு மாதிரி பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உன் ஓரம் கோணுது" என்பாள்.

"உன் கண்ணு கோணுது" என்பேன்.

அன்று அவள் சாய்ந்து இழுத்தாள். எனக்குக் கண்ணில் வெள்ளையாக ஏதோ பரவியது. விரிப்பென்றுதான் நினைத்தேன். கை தானாக விட்டுவிட்டது. அவள் அப்படியே பின்னால் போய்த் துண்டுகள் நிறைந்த கூடைக்குள் உட்கார்ந்தாள், கால் இரண்டும் மேலே. கூடமே சிரித்தது. அவளும் சிரித்தாள். நான் தரையில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினாள்.

கூடையிலிருந்து எழுந்து ஓடிவந்து ஒரு கப் தண்ணீரை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். நான் வாயை இறுக்கி மூடிக்கொண்டேன்.

"குடி."

"எனக்கு அளவு இருக்கு."

"என்ன அளவு? பொணத்துக்குத்தான் அளவெடுப்பாங்க."

கால்வலி என்று சொன்னேன். உடனே பையிலிருந்து ஒரு வலி மாத்திரையை எடுத்தாள். அதையும் வேண்டாமென்றேன். வலி மாத்திரை ஒற்றைக் கிட்னிக்கு எமன். அது மட்டும் நாங்கள் சரியாகக் கற்றுவைத்திருந்த பாடம். தண்ணீரும் வேண்டாம், மாத்திரையும் வேண்டாம் என்றால் எக்கேடோ கெட்டுப் போ என்று திட்டிவிட்டு, என் தலையைத் தன் மடியில் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள்தான் மூன்று மாத ரத்த, சிறுநீர்ச் சோதனை. அன்றே, நான் அவனோடு காரில் இருக்கும்போது, ரிப்போர்ட் தம்பியின் போனுக்கு வந்தது. காரை ஓரமாக நிறுத்திவிட்டுப் பார்த்தான். நெடுநேரம் பார்த்தான்.

"எவ்ளோடா?"

"ஒண்ணு புள்ளி ஒன்பது."

ஒன்று மூன்றிலிருந்து ஒன்று ஒன்பது. இந்த வேகத்தில் போனால் மெஷின் எவ்வளவு தூரம் என்று எங்கள் இருவருக்கும் மனக்கணக்கு ஓடியது. நான் செத்துவிடுவேன் என்று பயப்படவில்லை. அந்த மெஷின் அறையின் வாசனை எனக்குத் தெரியும், அவன் அங்கே படுத்திருந்த படுக்கையும் தெரியும். அங்கே போகப் பயந்தேன். என் உடம்பில் கடைசியாக மிச்சமிருக்கும் அவளும் போய்விட்டால் நான் என்ன செய்வேன் என்று பயந்தேன்.

தம்பி ஸ்டியரிங்கைப் பிடித்தபடி முன்னாலேயே பார்த்துக்கொண்டிருந்தான். "எனக்கு நீ இருந்த. உனக்கு யாரு இருக்காக்கா? வாங்கினத திருப்பிக் குடுக்க முடியாதுக்கா" என்றான். "கோட்ட இன்னும் கொஞ்சம் கீழ இறக்கணும்."

"இறக்குடா" என்றேன். வேறு என்ன சொல்ல?

நேரே டாக்டரம்மாவிடம் போனோம். அவள் ரிப்போர்ட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடி ரிப்போர்ட்டைப் பார்த்தாள். நாக்கை நீட்டச் சொன்னாள். புறங்கைத் தோலைக் கிள்ளிப் பார்த்தாள். தூக்கின தோல் அப்படியே கூடாரம் மாதிரி நின்றது. படுக்க வைத்து பிரஷர் பார்த்தாள், எழுந்து நிற்கச் சொல்லி மறுபடி பார்த்தாள். நின்றதும் எனக்குத் தலை சுற்றியது, கட்டிலைப் பிடித்துக்கொண்டேன்.

"யூரின்ல புரோட்டீன் துளிகூட போகல. சர்க்கரையால கிட்னி கெட்டிருந்தா அது போகும். ஆனா யூரின் ரொம்ப கெட்டியா இருக்கு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பிறகு என்னிடம், "வாந்தி, பேதி எதாவது இருந்துச்சா?"

"இல்ல."

"ஒரு நாளைக்கு எவ்ளோ தண்ணி குடிப்பீங்க?"

நான் வாயைத் திறப்பதற்குள் தம்பி பையிலிருந்து பாட்டிலை எடுத்து மேசைமேல் வைத்தான். கொஞ்சம் பெருமையாகவே வைத்தான். "இந்தக் கோடு வரைக்கும்தான் மேடம். ஒரு சொட்டு அதிகமா விட்டதில்ல. குளிக்கும்போதுகூட பாட வச்சுதான்..."

டாக்டரம்மா பாட்டிலைக் கையில் எடுத்துச் சிவப்புக் கோட்டைக் கட்டைவிரலால் தடவினாள்.

"இத யார் போடச் சொன்னது?"

அவள் கோபமாகக் கேட்கவில்லை. ஆனால் அந்தக் கேள்வியில் எனக்கு எல்லாமே புரிந்துபோயிற்று. சலவைக்கூடம், சுருட்டிய கால், கரும்பழுப்புச் சிறுநீர், கூடைக்குள் விழுந்த மடிப்புக்காரி எல்லாம் வரிசையாகக் கண்முன் வந்து நின்றன. பக்கத்தில் தம்பி இருந்தான். அவனுக்கு இன்னும் புரியவில்லை. இன்னும் அந்தப் பெருமை முகத்தில் மிச்சம் இருந்தது. அது உடைவதை நான் பார்க்க விரும்பவில்லை.

"நான்தான். நானே போட்டுக்கிட்டேன்" என்றேன்.

"இல்ல. நான் போட்டேன்" என்றான் தம்பி. "தப்பா?"

டாக்டரம்மா நாற்காலியை அவன் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். "உங்களுக்கு அப்போ தண்ணிய வெளிய தள்ள முடியாத கிட்னி. அதனால உள்ள வர்றத கட்டுப்படுத்தினாங்க. அது சரி. அக்காவோடது நல்லா தள்ளுற கிட்னி. அதுக்கு வேலை செய்யத் தண்ணி வேணும். புது மாத்திரை வேற தண்ணிய வெளிய இழுக்குது, வேலை பாக்குற எடத்துல வேர்த்துக் கொட்டுது. எல்லாப் பக்கமும் போகுது, வர்றது இவ்ளோதான்." பாட்டிலைக் காட்டினாள். "அது கெட்டுப்போகல. வறண்டு போயிருக்கு."

"சரியாயிடுமா?" தம்பியின் குரல் எங்கேயோ கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"ஆகணும். ஆகும்னுதான் நினைக்கிறேன். ஆனா இன்னும் கொஞ்ச நாள் இப்படியே விட்டிருந்தா நான் இவ்ளோ தைரியமா சொல்ல மாட்டேன். இப்போ இங்கயே ஒரு பாட்டில் டிரிப் ஏத்திடலாம். புது மாத்திரைய நிறுத்தி வைங்க. தாகத்துக்குத் தண்ணி குடிங்க, அளவு பாக்காதீங்க. அடுத்த வாரம் மறுபடி ரத்தம் எடுப்போம். அப்போதான் உறுதியா சொல்ல முடியும்."

டிரிப் ஏறி முடியும் வரை தம்பி பக்கத்தில் உட்கார்ந்து, சொட்டுச் சொட்டாக விழுவதையே பார்த்துக்கொண்டிருந்தான். திரும்பும் வழியில் ஒரு கடையில் காரை நிறுத்தி, இருப்பதிலேயே பெரிய தண்ணீர் பாட்டிலாக வாங்கி வந்தான். நான் பிடுங்கித் திறந்து குடித்தேன். அந்த முதல் மடக்கு தொண்டையில் இறங்கினதை இன்றைக்கும் என்னால் சொல்ல முடியும். அது இனித்தது. சர்க்கரைக்காரி நான், சத்தியமாகச் சொல்கிறேன், இனித்தது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவன் என் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நானே உன்ன கொன்னிருப்பேன்க்கா."

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. "வாய மூடுடா. நீ கோடு போட்ட, நான் குடிக்காம இருந்தேன். எனக்கு மூளை இல்லையா? அந்த டாக்டரம்மா தண்ணி குடின்னு தெளிவா சொன்னா. நம்ம ரெண்டு பேரும்தான் பெரிய டாக்டர்களாச்சே. கேட்டோமா?"

"நீ நம்பினது என்னைய."

"ஆமா. நீ நம்பினது என்னைய. உனக்குத் தண்ணிய மறைச்சு வைக்கச் சொல்லிக் குடுத்தது யாரு? நான். அப்படியே திருப்பிச் செஞ்ச. உன் மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல. எடு வண்டிய."

அவன் எடுக்கவில்லை. ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்து அழுதான். நான் அவன் முதுகைத் தடவிக்கொண்டே மிச்சத் தண்ணீரையும் குடித்து முடித்தேன். அழுகிற தம்பியைத் தேற்றிக்கொண்டே அப்படி ரசித்துத் தண்ணீர் குடித்தவள் உலகத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

அந்த ஒரு வாரம் வீட்டில் யாரும் சத்தமாகப் பேசவில்லை. தம்பி மனைவி காய்களை ஒரே தடவை வேகவைத்தாள். "எப்படி அண்ணி இருக்கு?" என்றாள். "ருசியா இருக்கு" என்றதும் தலையைத் திருப்பிக்கொண்டு மூக்கை உறிஞ்சினாள். சலவைக்கூடத்தில் மடிப்புக்காரி தண்ணீர் மெஷினிலிருந்து கப் கப்பாகக் கொண்டுவந்து கொடுத்தாள், விரிப்பைப் பிடிப்பதற்கு முன்னால் ஒன்று, மடித்து முடித்த பிறகு ஒன்று. "இனிமே நீ கைய விட்டா நான் கூடைல விழ மாட்டேன், உன் மேலதான் விழுவேன்" என்றாள். சிறுநீர் தெளிந்து வெளிறியது. இருந்தாலும் எனக்குப் பயம் போகவில்லை. வறண்ட செடிக்குத் தண்ணீர் ஊற்றினாலும் எல்லாச் செடியும் பிழைத்துவிடுவதில்லை.

மறுபடி ரத்தம் எடுத்தார்கள். டாக்டரம்மா கணினியின் திரையை எங்கள் பக்கம் திருப்பினாள்.

ஒன்று புள்ளி மூன்று.

"இதுதான் உங்க அளவு. அம்புக்குறிய பாத்து பயப்படாதீங்க, அது ரெண்டு கிட்னி இருக்கிறவங்களுக்குப் போட்டது. மாத்திரைய நாளையிலிருந்து ஆரம்பிங்க. வாந்தி, பேதி, காய்ச்சல் வந்தா மட்டும் நிறுத்திட்டு எனக்கு போன் பண்ணுங்க" என்றாள். தம்பியைப் பார்த்து, "நீங்க முதல்ல எனக்கு போன் பண்ணுங்க. அப்புறம் கோடு போடுங்க" என்று சிரித்தாள். அவனால் சிரிக்க முடியவில்லை. அவளைக் கையெடுத்துக் கும்பிட்டான்.

வீட்டுக்கு வந்ததும் கோடு போட்ட பாட்டிலைத் தேடினேன், காணவில்லை. எங்கே என்று கேட்கவும் இல்லை.

சாயங்காலம் குளிக்கப் போனேன். ஷவரைத் திறந்துவிட்டுக் காத்துக்கொண்டு நின்றேன். வழக்கமாகக் கதவு தட்டப்படும் நேரம் வந்தது, போயிற்று. யாரும் தட்டவில்லை. இத்தனை நாள் எரிச்சல்பட்ட அந்தத் தட்டலுக்காக மனசு ஏங்கியது. அவன் இனி அந்தக் கதவுப் பக்கமே வர மாட்டானோ, என்னைப் பார்க்கும்போதெல்லாம் அந்தக் கோடுதான் அவனுக்கு ஞாபகம் வருமோ என்று கலங்கினேன். சரி, யாரும் கேட்காவிட்டால் என்ன என்று நானே பாட ஆரம்பித்தேன். அதே பாட்டு, அதே தப்பு ராகம்.

பாட்டுக்கு நடுவில் கதவு தட்டப்பட்டது.

"நிறுத்துக்கா."

நிறுத்தினேன். துண்டைச் சுற்றிக்கொண்டு கதவைக் கொஞ்சமாகத் திறந்தேன். இடுக்கு வழியாக ஒரு கை மட்டும் உள்ளே வந்தது. கையில் ஒரு டம்ளர். விளிம்பு வரைக்கும் ஊற்றியிருந்தான். அவன் விரல்களிலெல்லாம் தண்ணீர் வழிந்தது. வாங்கிக்கொண்டேன். கை வெளியே போயிற்று. கதவு மூடியது. ஆனால் காலடிச் சத்தம் நகரவில்லை.

"குடிச்சியா?"

"குடிக்கிறேன்டா."

"சத்தமே கேக்கல."

ஷவரை மூடினேன். குளியலறை அமைதியாயிற்று. கதவுக்கு அந்தப் பக்கம் சுவரில் தலையைச் சாய்த்துக்கொண்டு, காதைக் கொடுத்தபடி நிற்கிறான் என்று எனக்குத் தெரியும். டம்ளரை உயர்த்தி, அவனுக்கு நன்றாகக் கேட்கிற மாதிரி, மடக் மடக் என்று கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தேன்.